முயலை மிரளாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஒரு பெட்டி

எங்கள் வீட்டு முயலான பஞ்சுவுக்குக் கடைவாய்ப் பற்களில் தொல்லை உண்டு. முயலுக்கு மொத்தம் 28 பற்கள்; அவை அனைத்தும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. தேய்மானம் சீராக இல்லாதபோது கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் கூர்மையான முனை எழுந்து நாக்கையோ கன்னத்தின் உட்புறத்தையோ குத்தத் தொடங்கும். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை அதை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ஒரு சிறு உயிரைச் சென்னை வெயிலில், ஆட்டோவில், நாய்கள் குரைக்கும் காத்திருப்புக் கூடத்தின் வழியாகக் கொண்டுசென்று, வாயைத் திறந்து காட்டி, மீண்டும் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது எவ்வளவு மிரள்கிறது என்பதைப் பார்த்த பிறகு, அந்தப் பயணத்தையே முதலிலிருந்து திட்டமிட்டு அமைப்பது என்று முடிவு செய்தேன். பெட்டி, விரிப்பு, துண்டு, பழக்கம் என்று ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தேன் என்பதை முயலோ கினிப்பன்றியோ வளர்ப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதிவைக்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது: முயல் அமைதியாக இருக்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? நாய் அஞ்சினால் உறுமும், குரைக்கும். பூனை சீறும், கீறும். முயலோ பிற விலங்குகளுக்கு இரையாகும் இனம் என்பதால், தப்ப வழியில்லை என்று கண்டவுடன் அப்படியே உறைந்துபோய்விடும். மருத்துவரின் மேசைமேல் உடலைச் சுருக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் முயலைப் பார்த்து, “ரொம்ப சாதுவா இருக்கே” என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் அதன் விலாவில் கைவைத்துப் பார்த்தால் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஓய்வாக இருக்கும்போதே முயலின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 180 முதல் 250 முறை துடிக்கும் என்பதால், விரலால் எண்ணிப் பார்த்து முடிவுக்கு வருவது நம்மால் ஆகிற காரியம் இல்லை. காதுகள் முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பது, கண் பிதுங்கி ஓரத்தில் வெள்ளை தெரிவது, மூச்சு மேலும் கீழுமாக விரைவது, பின்னங்காலால் தரையை ஓங்கி அடிப்பது ஆகியவைதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் மயங்கியதுபோல் கிடக்கும். இதை அமைதிப்படுத்தும் உத்தியாகக் காணொளிகளில் சிலர் செய்துகாட்டுகிறார்கள். உண்மையில் அது, பிடிபட்டுவிட்ட முயல் செத்ததுபோல் கிடக்கும் கடைசித் தற்காப்பு. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது உடல் தானாகச் செய்வது. வீட்டில் யாரும் அதைச் செய்துபார்க்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆகவே நான் எடுத்துக்கொண்ட அளவுகோல், முயல் மெல்லுகிறதா என்பதுதான். நீட்டிய மல்லித்தழையை வாங்கி மெல்லும் முயல் ஓரளவு தளர்ந்திருக்கிறது. முகர்ந்துகூடப் பார்க்காத முயல் எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்திருந்தாலும் அஞ்சிக்கொண்டிருக்கிறது. இதைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. முயலின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. புல்லும் தழையும் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது நகரும். அச்சம் குடலின் இயக்கத்தைத் தளர்த்திவிடும்; இயக்கம் தளர்ந்தால் வாயு சேர்ந்து வலிக்கும்; வலித்தால் முயல் இன்னும் உண்ணாது. இப்படி அரை நாள் உண்ணாமல் இருந்தாலே முயலை அவசரமாக மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கும். பல்லைக் காட்டப் போய்விட்டு வந்த முயல், போய்வந்த அச்சத்தாலேயே குடல் நின்று படுத்துவிடக்கூடும் என்பதால், பயணத்தில் அதை மிரளாமல் வைத்திருப்பதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

பெட்டி

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மட்டுமே கம்பிக் கதவு இருக்கும். உள்ளே பதுங்கியிருக்கும் முயலை அந்தச் சிறிய வாசல் வழியாகக் கையைவிட்டு இழுக்க வேண்டும். வளைக்குள் கையை நுழைத்து இரையைப் பிடிக்கும் விலங்கு செய்வதும் ஏறக்குறைய இதுவேதான். எனவே மேல்பாதி, கீழ்ப்பாதி என்று இரண்டாகப் பிரியக்கூடிய பூனைப் பெட்டி ஒன்றை வாங்கினேன். நீளம் 55 செ.மீ., அகலம் 36 செ.மீ., உயரம் 34 செ.மீ. பஞ்சுவும் அதன் இணையான கருப்பனும் சேர்ந்து உட்கார இது போதும். இணைமுயலையும் ஏன் கொண்டுபோகிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியின் இரு பாதிகளையும் சுற்றிலும் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கியிருந்தார்கள். மருத்துவரின் மேசைமேல் வைத்து அவற்றை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தால் அந்தச் சத்தமும் அதிர்வுமே முயலை மிரட்டிவிடும். எனவே அவற்றைக் கழற்றிவிட்டு, பள்ளிப் பைகளில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கிளை நைலான் பட்டையோடு வாங்கிவந்து பொருத்தினேன்; பாரிமுனைப் பக்கம் பை தைப்பவர்களுக்கான பொருள்களை விற்கும் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கின்றன. போல்ட் இருந்த துளைகளின் வழியாகவே பட்டையைக் கோத்து, முனைகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கி, இழை பிரியாமல் செய்தேன். முடிச்சும் தொங்கலும் எல்லாம் வெளிப்பக்கமே இருக்க வேண்டும். உள்ளே ஓர் அங்குலப் பட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும் முயல் அதைக் கடித்து விழுங்கிவிடும். துளைகளின் விளிம்பையும் கதவுச் சட்டத்தின் உட்புறத்தையும் உப்புத்தாள் கொண்டு வழவழப்பாகத் தேய்த்தேன்.

கைப்பிடி மேல்பாதியில் இருப்பதால், தூக்கும்போது மொத்தப் பாரத்தையும் அந்தப் பக்கிள்களே தாங்க வேண்டும். அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை. அகலமான ஒரு பட்டையைப் பெட்டியின் அடிவழியாகச் சுற்றிக் கொண்டுவந்து கைப்பிடிக்கு மேலே பூட்டும்படி அமைத்தேன். பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒரு பக்கிளை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டும் தூக்கிப் பார்த்தேன். மேல்பாதி சற்று நெளிந்ததே தவிர, அடிப்பாகம் கழலவில்லை.

பெட்டியின் தரைக்குத்தான் மிகுந்த யோசனை தேவைப்பட்டது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோன்ற மெத்தென்ற பாதத் திண்டு முயலுக்குக் கிடையாது. உள்ளங்கால் முழுவதும் முடிதான். வழுக்கும் பிளாஸ்டிக்கிலோ ஸ்டீல் மேசையிலோ அதனால் நிலைகொள்ள முடியாது. கால் வழுக்கியதும் பதற்றம் தொற்றிக்கொள்ளும். பதற்றத்தில் பின்னங்கால்களால் எக்கி உதைக்கும். முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் சுமார் 8 விழுக்காடுதான், பின்னங்கால் தசைகளோ மிக வலியவை; தன் உதையாலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும் முயல்கள் உண்டு. அதனால் அடியில் செய்தித்தாள் மடிப்பு, அதன்மேல் அலமாரித் தட்டுகளில் விரிக்கும் வலைபோன்ற ரப்பர் விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பழைய பவானி ஜமுக்காளத்திலிருந்து வெட்டிய துண்டு என்று மூன்று அடுக்காக அமைத்தேன். ஜமுக்காளத்தின் தடித்த பருத்தி நெசவில் நகம் பற்றிக்கொள்ளும், ஈரத்தையும் அது உறிஞ்சும். ஓரங்களை இரண்டாக மடித்துத் தைத்தேன். இதே அளவில் இன்னொரு துண்டையும் வெட்டித் தைத்து வைத்துக்கொண்டேன். அது மருத்துவரின் மேசைக்கு.

மூடுவதற்கு மெல்லிய பருத்தி லுங்கி ஒன்றே போதுமானது. மூன்று பக்கமும் மறைந்து, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்குமாறு போர்த்தினால், எதிரே போகும் நாயோ பேருந்தோ கண்ணில் படாது. கம்பளியோ தடித்த போர்வையோ இந்த ஊர் வெப்பத்துக்கு ஆகாது.

பழக்கம்

பெட்டி தயாரானதும் அதில் முயலை வைத்து எங்கும் கொண்டுபோகவில்லை. கீழ்ப்பாதியை மட்டும் முயல்கள் படுக்கும் மூலையில் போட்டு, காய்ந்த புல்லை அதற்குள்ளேயே வைத்தேன். கருப்பன் உடனே உள்ளே ஏறி உண்டது. பஞ்சு வெளியே நின்று கழுத்தை மட்டும் நீட்டிப் புல்லை இழுத்துக்கொண்டது. நான் எதுவும் செய்யவில்லை. சில நாள்கள் போனதும் ஒரு மாலையில் பஞ்சு பெட்டியின் விளிம்பருகே வந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, தாடையின் அடிப்பகுதியை அந்தப் பிளாஸ்டிக்கின்மேல் இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்த்தது. முயலுக்குத் தாடைக்கு அடியில் மணச்சுரப்பிகள் உண்டு. தனக்கு உரியது என்று கருதும் பொருளில் அது இப்படித் தேய்த்துத் தன் மணத்தைப் பதிக்கும். நமக்கு அந்த மணம் தெரியாது. அதைப் பார்த்த பிறகே மேல்பாதியை வைத்தேன்.

அதன் பின்னர் வந்தவை எல்லாம் சிறு சிறு படிகள்: கதவை ஒரு கணம் சாத்தித் திறப்பது, பெட்டியைத் தரையிலிருந்து சற்றே தூக்கி இறக்குவது, கூடம்வரை நடப்பது, மாடிப்படியில் இறங்குவது, தெருமுனைவரை போய் வருவது. ஒவ்வொரு படியிலும் மல்லித்தழையோ முருங்கை இலையோ ஒரு கொத்து நீட்டுவேன். மென்றால் அடுத்த நாள் அடுத்த படி. மெல்லாவிட்டால் முந்தைய படிக்கே திரும்புவேன். பஞ்சுவுக்கு மாடிப்படிதான் கடினமாக இருந்தது. ஒவ்வொரு படியிலும் பெட்டி முன்னும் பின்னும் ஆடுகிறது என்பதைக் கவனித்து, கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவதை விட்டுவிட்டு, இரு கைகளாலும் அடியில் தாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். அதன் பிறகு படியிறங்கும்போதே மென்றது. மேல்பாதியில் கைப்பிடி இருக்கிறது என்பதற்காக அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்பதில்லை.

தொடுதலையும் இதனுடன் பழக்கினேன். முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் தனக்குப் பின்னால் வருவதைக்கூட அது காணும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னால், தாடைக்குக் கீழே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து வரும் கை திடீரென்று முளைத்ததுபோல் தோன்றும். எனவே முதலில் நெற்றியில் கைவைத்து, கண்களுக்கு நடுவிலிருந்து காதுகளின் அடிவரை மெதுவாகத் தடவி, அங்கிருந்து கன்னத்துக்கு இறங்கி, உதட்டை ஒரு கணம் விலக்கி விட்டுவிடுவேன். ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் மசித்த வாழைப்பழத்தைச் சிறிதளவு எடுத்து வாயோரத்தில் கொடுத்துப் பழக்கியதால், பின்னர் மருந்து கொடுக்க வேண்டி வந்தபோது பஞ்சு தானாகவே வாயை நீட்டியது. சமையலறைத் தராசில் பேசின் வைத்து வாரந்தோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். மருத்துவமனையின் தராசில் ஏற்றும் வேலை இதனால் பெரும்பாலும் மிச்சமாகிறது. பல்வலி வந்தால் அது தெரியும் முதல் இடமும் அந்த நோட்டுதான்.

துண்டில் சுற்றுவதைக் கடைசியாகப் பழக்கினேன். குளியல் துண்டை விரித்து, முயலை அதன் நடுவில், தலை விளிம்பைத் தாண்டி வெளியே தெரியுமாறு உட்காரவைக்க வேண்டும். முன்னங்கால்கள் உடலுக்கு அடியில் இயல்பாக மடங்கியிருக்கும்போதே ஒரு பக்கத் துணியை முதுகுக்கு மேல் கொண்டுவந்து மறுபக்க விலாவில் செருக வேண்டும். பிறகு பின்பக்கத் துணியை உயர்த்தி இடுப்பின்மேல் போட வேண்டும். கடைசியில் மறுபக்கத் துணியை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். பின்னங்கால்கள் மடங்கிய நிலையிலேயே அடங்கியிருப்பதுதான் முக்கியம். ஒரு கால் நீட்ட இடம் கிடைத்தாலும் உதைக்கும். கழுத்தருகே இரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும், மூக்கின்மேல் துணி படவே கூடாது. முயல் இயல்பாக மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் உயிர். அது வாயைத் திறந்து மூச்சுவிட்டால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள், உடனே துண்டை அவிழ்த்து மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பயணம்

முயலுக்கு வியர்க்காது. உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே அது வெளியேற்றுகிறது. வெளியே 30 டிகிரிக்கு மேல் போனாலே தடுமாறத் தொடங்கும் உயிரை, ஏப்ரல் முதல் ஜூன் வரை சென்னையில் நண்பகலில் வெளியே எடுப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. அந்த மாதங்களில் காலை முதல் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடுகிறேன். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியை முந்தைய இரவே உறையவைத்து, பருத்தித் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பேன். குளிர்ச்சி வேண்டாம் என்றால் விலகிப்போக மறுபக்கம் இருக்க வேண்டும். ஈரத்துணியால் காதுகளின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுவதும் உதவுகிறது; உடலை நனைப்பது கூடாது.

ஆட்டோவின் தரை அதிர்ந்துகொண்டே இருக்கும். அதனால் இருக்கையில் மடித்த போர்வையைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, கையால் அணைத்துப் பிடித்துக்கொள்கிறேன். ஏறும்போதே ஓட்டுநரிடம், “அண்ணே, உள்ள முயல் இருக்கு, வேகத்தடையில மட்டும் கொஞ்சம் மெதுவா விடுங்க” என்று சொல்லிவிடுவேன். முயல் என்று கேட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஓட்டியவர்களே அதிகம்.

மருத்துவமனையில்

வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு எல்லா வகை விலங்குகளும் வரும். வீட்டருகே உள்ள சிறு கிளினிக்கிலும் நாய்களே மிகுதி. நாயின் மணமும் குரலும் முயலின் மிரட்சிக்குத் தலையாய காரணங்கள். எனவே பெயரைப் பதிந்துவிட்டு வெளியே நிழலில் காத்திருந்து, முறை வரும்போது அழைக்கும்படி கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளேதான் உட்கார வேண்டும் என்றால் பெட்டியைத் தரையில் வைக்காமல் மடியிலோ நாற்காலியிலோ வைத்து, திறந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கிறேன். நாய்க்காரர்கள் பெரும்பாலும் ஆர்வத்தில் தங்கள் நாயைப் பெட்டிவரை கொண்டுவந்து காட்டுவார்கள். “தம்பி, இது முயல், பயந்துக்கும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று சொல்லத் தயங்கக் கூடாது.

மருத்துவரின் அறைக்குள் போனதும் முதல் வேலை மேசையில் ஜமுக்காளத் துண்டை விரிப்பது. பிறகு பக்கிள்களை விரலால் அழுத்தித் திறந்து மேல்பாதியை அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். முயல்கள் தங்கள் மணம் உள்ள கீழ்ப்பாதியிலேயே உட்கார்ந்திருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பது, காதைப் பார்ப்பது எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பல்லைப் பார்க்கும்போது மட்டும் பஞ்சுவைத் துண்டில் சுற்றி, அதன் பின்பாகம் என் வயிற்றோடு ஒட்டியிருக்குமாறு பிடித்துக்கொள்கிறேன். முயலின் வாய் குறுகலாகத்தான் திறக்கும் என்பதால், காது பார்க்கும் கருவியின் கூம்பை வாயோரத்தில் நுழைத்துத்தான் கடைவாயைப் பார்க்கிறார்கள். அது முடிந்ததும் துண்டோடு பெட்டிக்குள், பின்பாகம் முதலில் இறங்குமாறு வைக்கிறேன். தலை முதலில் இறங்கினால் எக்கிக் குதித்துவிடும்.

கருப்பனைக் கொண்டுபோவதன் பயன் அங்கேதான் தெரிகிறது. பஞ்சு துண்டிலிருந்து விடுபட்டதும் அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்; கருப்பன் தழையை மெல்லத் தொடங்கினால் சற்று நேரத்தில் பஞ்சுவும் மெல்லும். ஒன்றை மட்டும் கொண்டுபோய்த் திரும்பினால், அதன்மேல் ஏறியிருக்கும் மருத்துவமனை மணத்தால் மற்றது அதை அடையாளம் காணாமல் சண்டையிடவும் கூடும்.

பல் முனையைத் தேய்ப்பதற்கு மயக்கமருந்து தேவைப்படும். நாய்க்கும் பூனைக்கும் மயக்கமருந்துக்கு முன் பட்டினி போடுவது வழக்கம் என்பதால், முன்பதிவு செய்யும்போது அதே விதியை முயலுக்கும் சொல்லிவிடுபவர்கள் உண்டு. முயலால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அந்த விதி இதற்குப் பொருந்தாது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும் ஆபத்தே மிகுதி. எங்கள் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: “மயக்கம் குடுக்கிற நேரம் வரைக்கும் புல் இருக்கட்டும்மா, எடுத்துடாதீங்க.” மிகவும் மிரளும் முயலுக்குப் புறப்படுமுன் கொடுக்க காபாபென்டின் போன்ற மருந்தை மருத்துவர் எழுதித்தருவதுண்டு, எடையைப் பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் அவரே. நாய்க்கு வாங்கிய மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாக முடியும். வலி இருக்கும் முயலை எந்தப் பெட்டியும் துண்டும் அமைதிப்படுத்தாது என்பதால், வலிக்கான மருந்தைப் பற்றி நாமே கேட்டுவிடுவதும் அவசியம்.

திரும்பியபின்

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அவற்றின் மூலையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு விலகிவிடுகிறேன். எடுத்துக் கொஞ்சுவதற்கு அது நேரமில்லை. புல், ஈரம் சொட்டும் தழை, கிண்ணத்தில் தண்ணீர் ஆகியவை முன்கூட்டியே அங்கே இருக்கும். பிறகு கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: மெல்லுகிறதா, புழுக்கை போடுகிறதா. நல்ல புழுக்கை உருண்டையாக, கொண்டைக்கடலையைவிடச் சற்றுச் சிறியதாக, உடைத்தால் உள்ளே புல்நார் தெரிவதாக இருக்கும். சிறுத்தோ, கோணலாகவோ, முடி கோத்ததுபோல் தொடர்ந்தோ வந்தால் குடல் மந்தமாகிவிட்டது என்று பொருள். இரவில் ஒன்றுமே இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடந்த முறை பஞ்சு ஆட்டோவிலேயே மல்லித்தழையை மென்றது, காத்திருந்தபோது மெல்லவில்லை, திரும்பி வந்து பெட்டியிலிருந்து இறங்கும் முன்பே புல்லை இழுத்துத் தின்றது. காத்திருக்கும் நேரம்தான் இன்னும் சரியாகவில்லை; அதற்கு லுங்கிக்குப் பதில் பெட்டியின் அளவுக்கே தைத்த, கீழே இறுக்கிக் கட்டக்கூடிய உறை உதவும் என்று நினைக்கிறேன். உறைந்த புட்டியும் ஆட்டோ பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு முயல்களின்மேல் மோதுகிறது. பெட்டியின் பக்கச் சுவரில் நான்கு துளையிட்டு, அதே ஜமுக்காளத்தில் மிஞ்சிய துண்டைப் பையாகத் தைத்து, புட்டியை நிறுத்திவைக்கும்படி கட்டும் வேலையைக் கோடை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். துணியை அளந்து வெட்டியாகிவிட்டது, துளையிடுவதுதான் பாக்கி.